அப்பா நேரம் பார்த்த கதை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஒரு கண்ணைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் உடம்பும் வேலையும் எப்படி என்று எழுது. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே, கோடு போட்ட தாள்தான், எனக்குத்தான் கோடெல்லாம் நெளிகிறது. வலது கண் போன வருஷமே கைவிட்டது உனக்குத் தெரியும். இப்போது இடது கண்ணிலும் விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகிறதாம். கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றி, அது அந்தக் குழாய்களில் போய்த் தங்கும் நேரம் பார்த்துக் கண்ணுக்குள் லேசர் வெளிச்சம் அடித்தால் குழாய் அடைபட்டுவிடுமாம். மருந்து ஏற ஆரம்பித்துப் பதினைந்தாவது நிமிஷம் வெளிச்சம் விழ வேண்டும், தள்ளிப்போனால் வீண் என்றாள் நர்ஸம்மா. நேரம் பார்க்கும் பொறுப்பை யார் ஏற்றுக்கொண்டார் தெரியுமா, உன் அப்பா! கல்யாணத்தன்றே மாப்பிள்ளை எங்கே என்று ஊரைத் தேடவிட்ட மனுஷர், நீ பிறந்த மறுநாள் வந்து இன்னும் வலி எடுக்கவில்லையா என்று கேட்டவர்.

மருந்து ஏறி முடிந்தது, டாக்டரைக் காணோம். பக்கத்து அறையில் போனில் யாருக்கோ வீடு கட்ட யோசனை சொல்லிக்கொண்டிருந்தாராம். உன் அப்பா உள்ளே போய்க் கைக்கடிகாரத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, நான் லேட்டா வந்தா இவ திட்டுறதோட போயிடும், நீங்க லேட்டா வந்தா இவளுக்குக் கண்ணே போயிடும், எழுந்திருங்க என்றாராம். நர்ஸம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வெளிச்சம் நேரத்துக்கு விழுந்தது. அத்தோடு விட்டாரா? சில நாள் வெயில் படக்கூடாது, தோல் வெந்துவிடும் என்று சொன்னதற்கு, வீட்டுக்கு வந்ததும் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, பல்பையெல்லாம் கழற்றிவிட்டார், ஃபிரிட்ஜுக்குள் இருந்ததையும் விடவில்லை. இருட்டில் மேஜையில் முட்டிக்கொண்டு அவரே நொண்டுகிறார். நேற்று நர்ஸம்மா போன் செய்தபோதுதான், வெயில்தான் ஆகாது, வீட்டு விளக்கு நல்லது, அதில்தான் மிச்ச மருந்து சீக்கிரம் கரையும் என்றாள். இப்போது ஒவ்வொரு பல்பாக மாட்டிக்கொண்டிருக்கிறார்.

கண் நிலைக்குமா என்று மூன்று மாதம் கழித்துத்தான் சொல்வார்களாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அவரிடம் சொல்லவில்லை. நீ வீடியோவில் வரும்போது முகத்தின் நடுவே ஒரே புகை, மூக்கைக் காணோம். லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்று நீ இழுக்கும்போது மட்டும் அப்படியே உன் அப்பா குரல். வேளைக்குச் சாப்பிடு, நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. அவராவது இந்த ஒரு தடவை நேரத்துக்கு வந்துவிட்டார். நீயும் வந்துவிடு.

உன் மூக்கைத் தேடிக்கொண்டிருக்கும்
அம்மா