கண்ணாடியை மறைத்த திரை

அன்பு மகள் சைகலுக்கு,

இங்கே நாங்களும் ஆடுமாடுகளும் சுகம். பூசான் கடல்காற்று நெஞ்சில் கட்டிக்கொள்ளாமல் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போன சனிக்கிழமை பிஷ்கெக்கில், வண்டிச் சாமான் சந்தையில், உன் அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டது இது: நீங்கள் வாங்குவது படம் பார்க்கும் திரை அல்ல, ஜூலையில் மகள் வரும்போது அவளோடு பேசாமலே வீடு வந்து சேர்வதற்கு ஒரு வழி. வாய்வரை வந்துவிட்டது. உன் சித்தப்பா மிர்லானும் அவன் மனைவியும் பக்கத்தில் நின்றதால் விழுங்கிக்கொண்டேன்.

போன கோடை உனக்கு மறந்திருக்காது. உன் அப்பா பார்த்துவைத்த வங்கி வேலையை உதறிவிட்டு நீ கடல் தாண்டிப் பூசானுக்குக் கப்பல் கட்டப் படிக்கப் போனாய், கடலே இல்லாத ஊரில் பிறந்தவளுக்குக் கப்பல் எதற்கு என்று அவர் கேட்டார், அதோடு பேச்சு நின்றது. விடுமுறைக்கு வந்த உன்னை விமான நிலையத்தில் ஏற்றிக்கொண்டு நம் ஊர் நரின் வந்து சேரும்வரை அந்த வண்டிக்குள் என்ஜின் மட்டும்தான் பேசியது. அந்த மௌனத்துக்கு இந்த வருஷம் அவர் கண்டுபிடித்த மருந்துதான் திரை. வண்டியில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, ஜப்பானிலிருந்து வண்டியோடு வந்தது, ஜப்பானிய மொழியில் வழி சொல்வது, நாம் மலை ஏறும்போதெல்லாம் நடுக்கடலில் போவதாகக் காட்டுவது. அது போதாதாம்.

ஆண்கள் இருவர் சேர்ந்து ஒரு திரையைத் தேர்ந்தெடுக்கும் அழகை நீ பார்த்திருக்க வேண்டும். பெண் பார்க்கப் போனால்கூட இவ்வளவு நேரம் உட்காரமாட்டார்கள். இருக்கையின் தலைப்பகுதியில் மாட்டுவதா, கூரையிலிருந்து மடக்கி இறக்குவதா என்று ஒரு விவாதம். மிர்லான் ஒவ்வொன்றையும் கையால் தட்டிப் பார்த்தான், தர்பூசணி வாங்குகிறவன் மாதிரி. "அண்ணே, சின்னதா வாங்கினா ஊர்ல சிரிப்பாங்க, கூரையில மாட்டுற பெரிசையே எடு" என்றான். கடைக்காரனுக்கோ வாயெல்லாம் பல். "இது கூடவே ஆளுக்கொரு ஹெட்போன் வருது அண்ணே. ஏறி உக்காந்தா நரின் வரைக்கும் யாரும் யார்கிட்டயும் வாய் திறக்க வேண்டியதே இல்ல" என்றான். உன் அப்பா அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு பின்னிருக்கையில், நீ உட்காரும் ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்து, இங்கிருந்து நன்றாகத் தெரிகிறதா என்று பார்த்தார். அது எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கூரைத் திரை இறங்கினால் ஓட்டுகிறவர் பின்னால் பார்க்கும் கண்ணாடியை மறைக்கும் என்பதைக் கடைக்காரன் சொல்லவில்லை, இவர்கள் கேட்கவில்லை. நான் கவனித்தேன், நானும் சொல்லவில்லை. கேட்காதவர்களுக்கு எதற்கு.

அங்கேயே நாலு துளை போட்டு மாட்டிக்கொண்டு புறப்பட்டோம். என்ன படம் என்கிறாய், மிர்லானின் கல்யாண விருந்து. அந்த விருந்தில் தின்றவர்களே உட்கார்ந்து தாங்கள் தின்பதைப் பார்த்தார்கள். பூம் பள்ளத்தாக்கில் ஆறு பொங்கிக்கொண்டு போனது, ஒரு தலை திரும்பவில்லை. சின்னவர்கள், உன் தம்பிகள் இருவரும், ஹெட்போனோடு வாயைப் பிளந்திருந்தார்கள். "அண்ணி, நீங்க ஆடுறது வருது பாருங்க" என்று மிர்லானின் மனைவி கத்தினாள், காது அடைத்திருந்ததால் தான் கத்துவது அவளுக்கே தெரியவில்லை. என்னை நான் பார்த்துக்கொள்ள விரும்பவில்லை என்று சொன்னேன், அதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

கோச்கோர் தாண்டியதும் உன் அப்பாவைப் பெற்றவர்கள் அடங்கியிருக்கும் கபர்ஸ்தான் வந்தது. வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை விட்டு, அவர்களுக்காக வேண்டி இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். நானும் செய்தேன். பிறகு வழக்கம்போலக் கண்ணாடியைப் பார்த்தார். எப்போதும் பார்ப்பார், பிள்ளைகள் கையெடுத்தார்களா என்று. போன வருஷம் அத்தனை கோபத்திலும் நீ கண்ணை மூடிக் கையெடுத்ததை அந்தக் கண்ணாடியில்தான் பார்த்தார், அன்று முழுவதும் உன் பக்கம் அவர் பார்த்தது அது ஒன்றுதான். இப்போது அதில் தெரிந்தது திரையின் கறுப்பு முதுகு. "கையெடுத்தீங்களாடா?" என்று கேட்டார். மறுபடியும் உரக்கக் கேட்டார். பின்னால் யாரோ கல்யாணத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். மறுபடி கிளப்பி, டோலோன் கணவாய் ஏறியபின் என்னிடம் மட்டும், "சைகல் இருந்திருந்தா எடுத்திருப்பா" என்றார். திரை இருந்தால் அவள் எடுத்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்காது என்றேன். அன்று அவரிடம் நான் சொன்னது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை அவரே கழற்றிவிட்டார். வெட்கம் கெட்ட மிர்லான் வந்து அதைத் தன் வண்டிக்கு எடுத்துக்கொண்டு போனான். கூரையில் நாலு துளை இருக்கிறது, வரும்போது பார்த்துச் சிரிக்காதே.

ஒழுங்காகச் சாப்பிடு. ரம்யென் நூடுல்ஸை உணவு என்று சொல்லாதே. வெல்டிங் கற்கும்போது கண்ணைக் காப்பாற்றிக்கொள். வாய்வரை வந்ததைச் சொல்லாமல் விழுங்கும் குணம் உன் அப்பாவுக்கும் உனக்கும் ஒரே அளவில்தான் இருக்கிறது, என்னிடமிருந்தும் கொஞ்சம் வந்திருக்கும், அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள். உன் பாதை வெளிச்சமாக இருக்கட்டும், போன இடத்தில் மதிப்போடு இரு, போனபடியே முழுதாகத் திரும்பி வா.

உன் விமானம் எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்டார். மகளையே கேளுங்கள் என்றேன்.

உன் அம்மா,
ஜிபெக்

செவ்வாய்க்கிழமை சேர்க்கிறேன்: நேற்றுச் சாயங்காலம் வண்டிக்குள் போய் உட்கார்ந்து உன்னைப் போனில் கூப்பிட்டார். இரண்டு முறை மணி ஒலித்ததும் தானே வைத்துவிட்டு, லைன் கிடைக்கவில்லை என்று என்னிடம் வந்து சொன்னார்.