பேய் வரும்போது கேட்கும் ராகம்

அன்புள்ள லோகேஸ்வரனுக்கு அம்மா எழுதுவது.

இப்படிக் கடிதம் எழுதி உன்னைத் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னித்துக்கொள் ஐயா. ஃபோனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதோடு சில விஷயங்கள் எனக்கு வாயில் வராது, உனக்குத் தெரியும். இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் பெரிய குறையில்லை, மெல்பர்ன் குளிரில் உன் சளி இந்நேரம் விட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பிளாட்டில் லிஃப்ட் மறுபடி கெட்டுவிட்டது, முட்டிவலியோடு படியேறி வருகிறார் அப்பா. பத்து காவானில் இருக்கும் ஃபேக்டரியின் பஸ்ஸைத்தான் இன்னும் ஓட்டுகிறார். சீனியைக் குறைக்கச் சொன்னால் கடையில் தே தாரிக் டீயைக் குடித்துவிட்டு வந்து குடிக்கவே இல்லை என்கிறார். உன் தங்கை சுபாவுக்குத் திதி கொடுத்து முடித்தோம், நீ வர முடியாததை யாரும் தப்பாகப் பேசவில்லை.

நீ இசை போட்ட பேய்த் தொடர் வந்ததை நானாகவே ஆபீஸில் சொன்னேன், நானாகப் போய் எதையும் சொல்கிறவள் இல்லை, இதை மட்டும் சொன்னேன். முதல் பாகத்தை அப்பாவும் நானும் சேர்ந்து பார்த்தோம். அந்தப் பெண் பேய் மாடிப்படியில் வருவதற்கு முன்னால் எல்லாச் சத்தமும் அடங்கி, யாரோ வாயை மூடிக்கொண்டு ஒரு ராகம் இழுக்கிறார்களே, அதைக் கேட்டதும் என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. மூச்சு எட்டாமல் நடுவில் கொஞ்சம் நின்று, விட்ட இடத்தைவிடச் சற்றுத் தாழ்ந்து மறுபடி தொடங்குகிறது. சட்டி கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் நம் சுபா தானாகப் போட்டுக்கொண்ட ராகம் அது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு அவள் அதை இழுத்தபோது நீ ஃபோனை அவள் வாய்ப் பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அதன் மேல் வயலினையும் இரும்பைத் தேய்ப்பது போன்ற சத்தத்தையும் ஏற்றியிருக்கிறாய், ஆனாலும் பெற்றவளுக்குத் தெரியாதா. எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு பாத்திரம் தேய்த்துக்கொண்டே யோசித்தேன், அவளை நீ வேறு எங்கே கொண்டுபோய் வைப்பாய், உன் கையில் இருக்கும் இடம் அதுதானே.

ஆனால் அது தொடரோடு நிற்கவில்லை ஐயா. காலை ரேடியோவில் ஆட்களைக் கூப்பிட்டுப் பயமுறுத்துகிற நிகழ்ச்சிக்கு அதைத்தான் போடுகிறார்கள். சின்னச் சின்ன வீடியோக்களில் பூனை குதித்தாலும் அதுதான், கரண்டு போனாலும் அதுதான். என்னோடு வேலை செய்யும் அஃப்ரீன் அதை ரிங்டோனாகவே வைத்திருக்கிறாள். "எங்க மாமியார் கூப்பிட்டா மட்டுந்தான்க்கா இந்தப் பேய் வரும், பாத்ரூம்ல இருந்தாகூட ஓடி வந்து எடுத்துருவேன் லா" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள், "உங்க மவனுக்கு மூளைதான்க்கா" என்றாள். நானும் சிரித்தேன். இப்போது கேமுக்கும் வாங்கிக்கொண்டார்கள், விளையாடுகிற ஆள் செத்து விழும்போது அதுதான் கேட்கும் என்று நீ சந்தோஷமாகச் சொன்னபோது, நல்லா இருக்கு ஐயா என்றேன்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். சுபா போனதிலிருந்து அவர் அவள் பேரை எடுப்பதில்லை. பேய்க்கதை என்றாலே "சும்மா இருக்கிறவன பயமுறுத்தி காசு பாக்குறானுங்க" என்று திட்டுகிற மனிதர், இப்போது பஸ்ஸை விட்டு வந்து குளித்ததும் அந்தத் தொடரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பக்கத்து வீட்டு ஜபருல்லா அண்ணன்கூட "என்னா தம்பி, இந்த வயசுல பேய் மேல ஆசையா, தங்கச்சிக்குத் தெரியுமா?" என்று என்னையும் சேர்த்துக் கிண்டல் செய்தார். "கத நல்லா போவுது அண்ணே" என்றார் அப்பா. நேற்று அடுப்படியிலிருந்து பார்த்தேன். பேய் வரும் இடம் நெருங்கியதும் சத்தத்தைக் கூட்டினார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அலறல் முடிந்ததும் பின்னால் தள்ளி மறுபடி அதே இடத்தைப் போட்டார். ராகம் நிற்கிற இடத்தில் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார், அவள் திரும்பத் தொடங்கியதும்தான் விட்டார். எப்போது கண்டுபிடித்தாரோ தெரியவில்லை. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், நானும் கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டே தூங்காதே. அடுத்த விடுமுறைக்காவது வரப் பார். தண்ணீர்மலை முருகன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் தொழில் நிலைக்கட்டும்.

உன் அம்மா,
மோகனா

கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுகிறேன், இதைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். சுபாவின் ஃபோனைத் திறக்கத் தெரியாததால் நம்மிடம் அவள் படங்கள்தான் இருக்கின்றன, குரல் ஒன்றுகூட இல்லை. அன்று ஆஸ்பத்திரியில் நீ பிடித்தது இன்னும் உன்னிடம் இருந்தால், வயலின் இல்லாமல், அலறல் இல்லாமல், அவள் குரலை மட்டும் அப்பா ஃபோனுக்கு அனுப்பு ஐயா. நான் கேட்டேன் என்று சொல்லாதே. மகளைக் கேட்பதற்கு அவர் பேய் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.