மெல்லிய கம்பி வரும்வரை

மூங்கிலடித் தோட்டம்,
ஹட்டன்.
9.9.1950

தேவமாதா துணை

அன்புள்ள மச்சானுக்கு ஜோசப்பின் எழுதுவது.

நானும் பிலோமியும் சுகம். உங்கள் சுகத்தையும் ஒரு வரி எழுதுங்கள். போன இரண்டு கடிதத்திலும் உங்கள் மந்தோலினின் சுகத்தைத்தான் எழுதியிருந்தீர்கள். பிலோமிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. அப்பா வருவதற்குள் முளைத்துவிடுமா என்று கேட்கிறாள்.

திருச்சியில் அண்ணன் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவர் நீங்கள். ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். போன வருசம் பெரிய வியாழன் பாஸ்கு நாடகத்தில் மாதா அழும் கட்டத்துக்கு நீங்கள் வாசித்தபோது, "மாதா அழுவுறாங்க, ஒன் பெட்டி விக்குதே கஸ்பரு" என்று கூட்டத்தில் இருந்த மாயாண்டி கேட்டானே, அதுதான். சொன்னவன் அன்றைக்கே மறந்துவிட்டான்.

சங்கத்து அழகுமுத்து அண்ணன் காலையில் பேர் பதியும் பெரட்டில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, திரும்பி வர்ற பர்மிட்டுல ஒரு வருசந்தான் போட்டிருக்கு. ஜனவரி பதினெட்டுக்கு முந்தி கஸ்பர் தலைமன்னார்ல எறங்கிறணும். பிரஜாவுரிமைக்கு எழுதிப் போடவும் அவரு இங்க இருக்கணும்." நீங்கள் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கே வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஜோசப்பின்

---

பாலக்கரை, திருச்சி.
3.10.1950

அன்பு ஜோசப்பினுக்கு,

நான் சுகம். எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். பிலோமிக்கு என் முத்தம்.

விக்கல் ஏன் வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். இங்கே சைக்கிள் கடை வைத்திருக்கும் லூர்துசாமி மந்தோலின் வாசிப்பார். என் வாத்தியத்தைப் பார்த்ததும், "இது கம்பியா, துணி காயப்போடுற கொடியா?" என்று சிரித்தார். அடுத்த மலைக்கும் கேட்க வேண்டும் என்று நான் தடித்த கம்பியாகக் கட்டியிருந்தேன். தடித்த கம்பி சத்தம் போடும், வளையாது. அவர் ஜோடி ஜோடியாக இருக்கும் எட்டில் நாலைக் கழற்றிவிட்டு மெல்லிய கம்பி நாலு மட்டும் வைத்திருக்கிறார். மந்தோலின் கழுத்திலுள்ள மெட்டில் விரலை அழுத்திக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால், சுரம் அறுபடாமல் அடுத்த சுரத்துக்கு ஏறுகிறது, மனுசக் குரல் மாதிரியே. கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ரொம்பவும் மெல்லியது என்றால் இழுக்கும்போதே அறுந்துவிடும். சரியான அளவு மெட்ராசிலிருந்து வர வேண்டும். வந்ததும் கட்டிப் பழகிக்கொண்டு புறப்படுகிறேன்.

அன்புடன்,
கஸ்பர்

---

மூங்கிலடித் தோட்டம்.
28.12.1950

அன்புள்ள மச்சானுக்கு,

நத்தார் போய்விட்டது. பிலோமி புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்திலேயே நின்றாள். கடைசி பஸ்ஸும் போன பிறகு நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

எனக்கு உங்கள் வாசிப்புப் பிடிக்காது என்று நினைக்காதீர்கள். அதைக் கேட்டுத்தானே உங்களைக் கட்டினேன்? அப்போதும் விக்கத்தான் செய்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

கம்பி வந்தாலும் வராவிட்டாலும் ஜனவரி பதினெட்டுக்குள் வந்துவிடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஜோசப்பின்

---

திருச்சி.
11.1.1951

அன்பு ஜோசப்பினுக்கு,

கோபப்படாதே. செவ்வாய்க்கிழமை கம்பிப் பார்சல் நிச்சயம் என்கிறார் வாத்தியக் கடைக்காரர். கையில் வாங்கியதும் ரயில் ஏறிவிடுவேன். இரண்டு நாள் பிந்தினால் யார் கேட்கப் போகிறார்கள்? அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவனை வராதே என்று சொல்வார்களா? கம்பி இல்லாமல் வந்தால் உங்களைப் பிரிந்திருந்த ஒரு வருசமும் வீண். பெரிய வியாழனுக்கு நான் வாசிப்பதைக் கேட்டுவிட்டு நீயே சொல்.

கஸ்பர்

---

மண்டபம்.
29.1.1951

ஜோசப்பின்,

பார்சல் செவ்வாய்க்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. அன்றே புறப்பட்டேன்.

கப்பலுக்குப் போகுமுன் இங்கே சோதிக்கும் இலங்கை உத்தியோகத்தர் பர்மிட்டை விரித்துத் தேதியில் விரலை வைத்துக் காட்டினார். மனைவி, பிள்ளை இருக்கிறார்கள் என்று சொன்னேன். "அவங்கள இங்க கூப்பிட்டுக்க" என்றார். ஒன்பது நாளாகத் தினமும் போய் நிற்கிறேன். நேற்று, மந்தோலினை வாசித்துக் காட்டட்டுமா என்று அவரிடம் கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

அழுகை இப்போது சரியாக வருகிறது. கேட்க நீ இல்லை. பிலோமியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. என்னை மன்னித்துக்கொள்.

கஸ்பர்

---

ஹட்டன்.
17.6.1951

அன்புள்ள மச்சானுக்கு,

இவ்வளவு நாளும் கோபத்தில் எழுதவில்லை. இப்போது பயத்தில் எழுதுகிறேன்.

அங்கே வர என்னால் முடியாது. எனக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கத்தான் தெரியும், திருச்சியில் ஏது கொழுந்து? உங்கள் அண்ணன் வீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிடுவது? பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட ஆகஸ்டு வரைதான் தவணை. புருசன் கைவிட்டவள் என்றால் தனியாகப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார் இங்கே மனு, பெட்டிசம் எழுதுகிறவர். "அந்தாளு கைப்பட ஒரு கடுதாசி வேணும்மா. பொண்டாட்டி வேண்டாமுன்னு விட்டுட்டேன்னு இருக்கணும்" என்றார். தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கும் அவர் விலாசத்துக்கு அதை அனுப்புங்கள்.

அதன் பிறகு எனக்கு எழுதாதீர்கள். தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் ஆபீஸ் கந்தோரில் கிளாக்கர் ஐயா கையில்தான் முதலில் விழும். இந்தியத் தபால்தலையைப் பார்த்தால், கைவிட்டவன் எதற்கு எழுதுகிறான் என்று விசாரணையில் கேட்பார்கள். இந்தக் கடிதத்தையும் எரித்துவிடுங்கள். பிலோமியிடமும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்கிறாள். நன்றாகவே சொல்கிறாள்.

உங்களை விட வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை மச்சான். பிள்ளைக்கு ஒரு நாடு வேண்டும்.

உங்கள்
ஜோசப்பின்

---

பாலக்கரை, திருச்சி.
2.7.1951

சம்பந்தப்பட்டவர்களுக்கு,

மூங்கிலடித் தோட்டம் கஸ்பர் ஆகிய நான் அறிவிப்பது.

என் மனைவி ஜோசப்பினையும் மகள் பிலோமினாவையும் நான் கைவிட்டுவிட்டேன். திரும்பி வரும்படி தேதியைக் குறிப்பிட்டு அவள் எனக்கு எழுதினாள். வழி திறந்திருந்தபோது நான் போகவில்லை. ஒரு பொட்டலம் கம்பிக்காக நின்றுவிட்டேன். அவளிடம் எந்தக் குறையும் கண்டு நான் பிரியவில்லை. அவளிடம் குறை எதுவும் கிடையாது.

இனி எங்களுக்குள் உறவோ கடிதப் போக்குவரத்தோ இல்லை. மகள் தாயுடனேயே இருக்க வேண்டும். இதை எழுதும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை.

இங்ஙனம்,
ச. கஸ்பர்