பதினேழாவது உருவம் மூடவில்லை

பீரோவின் மேல்தட்டைத் திறந்ததும் பழைய ரப்பர் வாசனை அடித்தது. சைக்கிள் கடை வாசனை. பாறசாலையில் உன் அப்பா வைத்திருந்த கடையிலிருந்து கைப்பையில் சுருட்டிப் போட்டுக்கொண்டு வருவாயே, அந்த வால்வ் டியூப்பின் வாசனை. செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த நம் ஈர்க்குச்சிக் கூட்டை வெளியே எடுத்தேன். எடுத்த வேகத்தில் முனைகளைச் சேர்த்துப் பிடித்திருந்த டியூப் வெடித்து, குச்சிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. உட்கார்ந்து பொறுக்கினேன். இப்போதெல்லாம் கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க நாற்காலி வேண்டியிருக்கிறது. ஆனால் எந்தக் குச்சி எந்த முனைக்குப் போகவேண்டும் என்பது கைக்கு மறக்கவில்லை.

பீரோவைத் திறக்க வைத்தது ஒரு போன். நம் டிபார்ட்மெண்டில் மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு பக்கம், தங்கள் ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல் தரவேண்டுமாம். அனுப்பியிருந்தேன். இப்போது தலைவராக இருக்கும் பெண், நாம் இருவரும் பாடம் எடுத்தவள்தான், நேற்றுக் காலை கூப்பிட்டாள். "டீச்சரே, லிஸ்ட் கிடைச்சு. ஒரு பக்கத்துல அடங்கல. அந்தத் திருத்தக் குறிப்பை மட்டும் எடுத்துடட்டா? அது பேப்பர் இல்லையல்லோ."

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். எனக்கு இப்படிக் கோபம் வந்து வெகு நாளாயிற்று. அந்தக் கோபம் ஆறுவதற்கு முன்னால் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குக் கணக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன், எனக்காக. வெயிலில் ஒரு கிளிக்கூண்டைப் பிடித்தால் தரையில் அதன் நிழல் விழும். தரையில் இருப்பது வெறும் கோடுகள், கூண்டு வேறு. அதேபோல நான்காம் பரிமாணத்தில் இருக்கும் ஓர் உருவத்தின் நிழல் நம் அறைக்குள் விழுந்தால், அது குச்சிகளால் கட்டிய கூடு மாதிரி இருக்கும். நாம் இருவரும் வாழ்நாளெல்லாம் பார்த்தது அந்த நிழல்களைத்தான். அவற்றில் ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொண்டு, இத்தனைதான் உண்டு, இருபத்தொன்று, இதற்குமேல் இல்லை என்று நான் ஒரு பட்டியல் போட்டேன். அதற்குத்தான் எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. வெளிநாட்டுப் பத்திரிகையில் அச்சாகியும் வந்தது. அந்தப் பட்டியலின் மேல் நீ உன் ஆய்வைக் கட்டிக்கொண்டிருந்தாய். அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி.

நம் ஆராய்ச்சிக்கூடம் தம்பானூர் ஸ்டேஷனில் ஒரு பெஞ்சு. காலேஜ் விட்டதும் அங்கே வந்து உட்காருவோம். உன் நாகர்கோவில் பாசஞ்சர் என்றைக்குச் சரியான நேரத்துக்கு வந்திருக்கிறது? ரயில் தாமதம்தான் நமக்குக் கிடைத்த ஒரே ஆராய்ச்சி மானியம். பழம்பொரியின் எண்ணெய்க் காகிதத்தில்கூட முனைகளையும் விளிம்புகளையும் வரைந்திருக்கிறோம்.

பதினைந்து நிமிட நடையில் வலியசாலை அக்கிரகாரத்தில் என் வீடு இருக்க, ஏன் பெஞ்சு என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? நீ ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்தாய். காபி குடித்த டம்ளரை என் மாமியார் தனியாகத் திண்ணையடிக் குழாயில் கழுவிக் கவிழ்த்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை நீ பார்த்தாய். தெருமுனை வரைக்கும் கூடவே வந்தேன். பிறகு, "ஏட்டி, ஸ்டேஷன்ல சாயா கொள்ளாம், கேட்டியா?" என்றாய், அங்கே டீ நன்றாயிருக்கும் என்று. அன்றைக்கு நான் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது.

பட்டியலில் இருந்த இருபத்தொன்றையும் ஈர்க்குச்சியில் கட்டிப் பார்த்தால்தான் தூக்கம் வரும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். நான் சிரித்தேன். ஒரு சாயங்காலம் பதினேழாவதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கையில் ஒரு குச்சி மிச்சம்.

"இது மூடல்ல."

"குச்சி நீளம் தப்பாருக்குமாக்கும். லேசா வளைச்சு விடேன், வந்துடும்."

"வளைச்சா மூடும். வளைக்கப்பிடாது."

நீளத்தை மாற்றினோம். மூடாத இடம் வேறு பக்கம் போயிற்று. அங்கே சரி செய்தால் இங்கே திறந்தது. இரண்டு மாதம் இதே கூத்து. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். பதினேழாவதன் படத்தில் ஒரு கோடு மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது. கை நடுக்கம் என்று நினைத்து மேலே போயிருக்கிறேன். முனைகளை எண்ணினேன், விளிம்புகளை எண்ணினேன், முகங்களை எண்ணினேன், கூட்டிக் கழித்தால் வரவேண்டிய விடை வந்தது, அதோடு விட்டுவிட்டேன். மூன்று பரிமாணத்தில் அப்படி விடலாம். ஒழுங்காக வரைந்த வலையை நேரான குச்சிகளால் கட்டிவிட முடியும். நான்கில் அந்த உத்தரவாதம் கிடையாது. இது முதல் வருடப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த விஷயம். எண்ணிக்கை சரியாக இருந்தது. உருவம்தான் இல்லை.

அப்போது உனக்கு நான் சொன்னதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "பேசாம இருடி. யாருக்குத் தெரியப் போறது? எனக்கு அடுத்த மாசம் ரீடர் பிரமோஷனுக்கு இன்டர்வியூ. நீயும் தீசிஸைக் கொடுத்துட்டு டாக்டராயிடு. அப்புறம் பாத்துக்கலாம்." இதைச் சொன்னது நான். என் வாய்.

நீ கோபப்படவில்லை. வண்டி வந்தது, ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாய். வண்டி நகரும்போது, "நான் செல்ல மாட்டேன். அது ஒனக்க பேரு. நீ செல்லு, நானும் கூட நிப்பேன்" என்றாய். சொல்லு என்பது உன் ஊர்ப் பேச்சில் செல்லு. அடுத்த நான்கு நாளும் பெஞ்சுக்கு வந்தாய். மழையைப் பற்றிப் பேசினாய், விலைவாசியைப் பற்றிப் பேசினாய், உன் தங்கை பிரசவத்தைப் பற்றிப் பேசினாய். கணக்கு மட்டும் பேசவில்லை. நீ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஐந்தாம் நாள் இருவருமாகப் பேராசிரியர் அறைக்குப் போனோம். எனக்கு வழிகாட்டியாக இருந்தவர், உனக்கும் அவர்தான். நான் தப்பைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போட்டே டீச்சரே" என்றார், போகட்டும் என்கிற அர்த்தத்தில். "இந்த விஷயத்தைப் படிக்கிறவங்க உலகத்துல மொத்தம் நாலு பேர்."

"அந்த நாலு பேர்ல ரெண்டு பேரு நாங்கதானே சார்" என்றாய் நீ.

அவர் முகம் சிவந்தது. பட்டியல் போனால் உன் தீசிஸில் பாதி போகும், புதிதாக எழுத உன் பதிவுக்காலம் போதாது, நீட்டிப்புக் கேட்டால் தான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னார். நான் உன்னைப் பார்த்தேன். நீ பயந்திருந்தாய், சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த விரல்கள் எனக்குத் தெரிந்தன. "செரி சார்" என்று மட்டும் சொன்னாய். வெளியே வந்ததும் வராண்டாவில் நின்று இருவரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

தப்பு என்று ஒப்புக்கொண்டால் போதாது, பதினேழாவது ஏன் இருக்க முடியாது என்று நிரூபிக்க வேண்டும் என்றாய். எந்த நீளம் வைத்தாலும் மூடாது என்று காட்டவேண்டும். இரண்டு வருடம் ஆயிற்று. ரீடர் வேலை வேறொருவருக்குப் போயிற்று. உன் பதிவு காலாவதியானது. அதே பெஞ்சில், பாசஞ்சர் ஒரு மணி நேரம் தாமதம் என்று அறிவித்த ஒரு சாயங்காலம், நீ என் நோட்டைப் பிடுங்கி ஆறு வரி எழுதினாய். அப்படி ஓர் உருவம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே போனால், ஒரு முனை ஒரு தளத்துக்கு மேலேயும் இருக்கவேண்டும், கீழேயும் இருக்கவேண்டும் என்று வந்து நின்றது. நான் மூன்று தடவை சரி பார்த்தேன். எண்ணிப் பார்க்கவில்லை, ஒவ்வொரு வரியாகக் கை வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த விழிஞ்ஞத்து அம்மாள், யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

இரண்டே பக்கம். முந்தைய கட்டுரைக்கு ஒரு திருத்தம், கீழே நம் இருவர் பெயர். என் மற்றக் கட்டுரைகளை யாரும் சீந்தவில்லை. இந்த இரண்டு பக்கத்துக்குத்தான் எங்கிருந்தெல்லாமோ கடிதம் வந்தது. அந்த நாலு பேரில் மற்ற இரண்டு பேர் இவர்கள்தான் போல என்று நீ சொன்னாய்.

பட்டம் வாங்காமலே இருந்தாய். நாம் பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் டாக்டர் போட்டுக்கொண்டு உனக்கு மேலே வந்து உட்கார்ந்தார்கள். நீ அதற்காக வருத்தப்படவில்லை என்று எழுதினால் பொய். ஒரு நாள் வருத்தப்பட்டாய், சத்தமாக, என்னையும் சேர்த்துத் திட்டினாய். மறுநாள் ஈர்க்குச்சியிலே கட்டின புதுக் கூடு ஒன்றைக் கொண்டுவந்தாய் என்று எழுத ஆசை. இல்லை, ஒரு வாரம் கழித்துத்தான் வந்தாய்.

கடைசியில் ஆஸ்பத்திரி வார்டில் படுத்துக்கொண்டு ஜன்னல் கம்பியைக் காட்டினாய். "அந்தக் கிரில்லு வளஞ்சிருக்கு பாத்தியா? எவன் வெல்டு வச்சானோ."  ஒல்லியாகிப் போயிருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நானும் கிரில்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் இரங்கல் கூட்டத்தில் பேராசிரியர் பேசினார். "நல்ல திறமைசாலி. பாவம், ஆராய்ச்சியை முடிக்க முடியாமலே போயிட்டாங்க." முடிக்க முடியாமல்! நான் முன் வரிசையில் இருந்தேன். எழுந்து நின்று, முடித்தது அவள்தான், முடிக்காமல் பட்டம் வாங்கினவள் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடமாக அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று காலை எழுந்தேன். பட்டியலில் இருந்த மற்ற எல்லாவற்றையும் அடித்தேன். டாக்டர் பட்டம் வாங்கித் தந்ததை முதலில் அடித்தேன். புதுத் தாளில் ஒரே ஒரு வரி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டிபார்ட்மெண்டில் அந்தப் பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணு மட்டுமா டீச்சரே? பக்கம் காலியா கிடக்குமே."

"கிடக்கட்டும். அவ பேரை முதல்ல போடு. என் பேர் ரெண்டாவது."

"திருத்தம்னுதானே இதுல இருக்கு?"

"ஆமா. திருத்தம்தான். அந்த வார்த்தையைப் பெரிய எழுத்துல போடு."

வரும் வழியில் சாலைக் கடைத்தெருவில் ஒரு பழைய சைக்கிள் கடையைக் கண்டுபிடித்து ஒரு முழம் வால்வ் டியூப் வாங்கினேன். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பதினேழாவதைத் திரும்பக் கட்டினேன். இப்போது கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் பேப்பர் வாங்க வந்தவர், ஒரு குச்சி விட்டுப்போச்சே மாமி, தரட்டுமா, மாட்டிடலாமே என்றார்.

மாட்டினால் வளையும் என்றேன்.

"லேசா வளைஞ்சா என்ன?"

"வளைக்கப்பிடாது" என்றேன். அக்கிரகாரத்து வாயில் உன் சொல்லைக் கேட்டு அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் இன்னொரு தடவை சொன்னேன், சத்தமாக.