உப்பள வெயில் கொண்டுபோன இளவரசி

நலம் பெருகுக. கீழ்க்கடலும் மேற்குமலையும் எல்லையாகக் கொண்ட வெண்கானல் நாட்டை நுரையூர் அரியணையிலிருந்து புரக்கும் கடல்காத்த மாறவேள், உப்பளக் கோட்டத் தலைவரும் நம் இளமைத் தோழருமாகிய ஆழிச்சேந்தனார்க்கு விடுக்கும் ஓலை. உம் பாத்திகள் விளைக; உம் குடிகள் பசியறியாது வாழ்க.

நம் ஒரே மகள் அல்லியங்கோதை ஆவணிப் பௌர்ணமியன்று விடியலில் உயிர்நீத்து நம்மைப் பிரிந்தாள். அவளை உம் கோட்டத்தில் தங்கவிட்ட பிழைக்காக உம்மைப் பதவி நீக்கித் தண்டிக்குமாறு நீர் எழுதிய விண்ணப்பம் வந்தது. பாதிக்குமேல் படிக்க நம்மால் இயலவில்லை; எஞ்சியதை அமைச்சர் படித்தார்.

பால்நிற மேனியும் வெண்கூந்தலுமாக அவள் பிறந்த அன்றே, பிறர் தோலில் வெயிலைத் தடுத்துக் காக்கும் கருமை இக்குழந்தைக்கு இல்லையென்றும், விடியற்காலை இளவெயிலில் சற்று உலவலாம், உச்சிவெயிலோ இவளுக்கு நெருப்பென்றும் அரண்மனை மருத்துவர் மருதங்கண்ணனார் உரைத்தார். குடையும் நீண்ட கையுடைய ஆடையுமாகவே வளர்த்தோம். அவள் ஒருநாளும் சிணுங்கியதில்லை.

புயலில் உம் கோட்டத்துக் கரை உடைந்து குடிசைகள் மூழ்கியபோது, அக்கரையைக் கட்டுவிக்கத் தானே விரும்பிப் புறப்பட்டாள். நீர் அவளுக்குப் பந்தல் இட்டதையும், ஊர் திரும்புமாறு பலகால் வேண்டியதையும் அவள் வாயாலேயே கேட்டோம். அவள் பந்தலில் தங்கவில்லை. குடைபிடித்துக் கரைமேல் நின்றாள். மேலிருந்து வந்த வெயிலைக் குடை தடுத்தது. உப்பிலும் நீரிலும் பட்டுத் தெறித்த வெயில் கீழிருந்து சுட்டது. அதை எவரும் எண்ணவில்லை, மருத்துவரும் எண்ணவில்லை.

கோடைகள் கழிந்து கரை எழுந்தது. மோவாயின் கீழ் ஒரு சிறு புண்ணோடு மகள் திரும்பினாள். நோவே இல்லையென்று சிரித்தாள். புண் ஆறவில்லை, விரிந்து, கழுத்தில் கட்டியாகத் திரண்டது. மருதங்கண்ணனார் அறிந்த மருந்தெல்லாம் தோற்றபின், பந்தலில் இருந்திருக்கலாகாதா என்று நாம் ஒருநாள் கேட்டுவிட்டோம். வெயிலில் மண் சுமப்பவர்களை நிழலில் அமர்ந்து ஏவ எனக்கு நா எழவில்லை, அப்பா என்றாள்.

சேந்தனாரே, உம்மீது குற்றமில்லை. பதவியில் நிலைத்திருப்பீராக.

ஆயினும் உம் கோட்டத்திலிருந்து வந்த மற்றொரு செய்தி நம் நெஞ்சைப் பிளந்தது. கதிரவன் சினந்து இளவரசியைக் கொன்றான் என்று அஞ்சி, வலைமுடைவோர் தெருவில் சிற்றாம்பல் என்னும் வெண்மேனிச் சிறுமியைப் பெற்றோரே இருட்டறையில் பூட்டி வைத்திருக்கின்றனராம். நீரே நேரில் சென்று அக்கதவைத் திறப்பிக்க வேண்டும். கதிரவனுக்குச் சினமில்லை, வெளிச்சமே காணாத உடலும் நலியும் என்று அவர்களுக்கு எடுத்துரைப்பீராக. குழந்தை விடியலில் விளையாடட்டும். வெயில் ஏறுமுன் தாய் அவளை நிழலுக்கு அழைத்துக்கொள்ளட்டும்.

இனி, எந்நிறத்தவராயினும் உச்சிப்பொழுதில் எவரும் பாத்தியில் இறங்கலாகாது. காலையும் மாலையுமே பணி. மோவாயும் கழுத்தும் மறையத் துணி சுற்றுவிக்க வேண்டும். ஆறாத புண் எவருடலில் கண்டாலும் நம் மருத்துவரிடம் உடனே அனுப்ப வேண்டும். இது நம் ஆணை.

இவ்வோலை முடியும் இவ்வேளை நண்பகல். அரசியார் மகளின் அறைக்குச் சென்று, வெறுங்கட்டிலில் வெயில் விழாதபடி சாளரத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார். இனி வேண்டாமென்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

சங்கு முத்திரை பொறித்தோம். ஓலை கைசேர்ந்த பொழுதே ஆணை நடப்பதாக.