ஒரே பேட்டரி வைத்திருந்த காலம்

11 ஜூன் 2025, புதன்

பக்ரீத் முடிந்து நாலு நாள். கடை இன்னும் சோம்பலாகவே இருக்கிறது. ஜெராக்ஸுக்கு இரண்டு பேர், ரீசார்ஜுக்கு ஒருவர்.

மதியம் அமுதம் வந்தாள். சோரியாங்குப்பம் அரங்கநாதன் அண்ணனின் மகள். 2004 ஆவணியில் பாகூரில் அவள் கல்யாணத்தை வீடியோ எடுத்தவன் நான்தான். அப்போது எனக்கு ஸ்டூடியோ இருந்தது. தலையில் முடியும் இருந்தது.

"பாய், அந்த ஒரிஜினல் டேப்பு வெச்சிருக்கீங்களா?"

அவள் மகள் அர்ச்சனா, தாத்தா எப்படிப் பேசுவார் என்று கேட்டாளாம். பேசிக்காட்ட வாயைத் திறந்தவளுக்கு ஒன்றும் வரவில்லையாம். "மொகம் ஞாபகம் இருக்குது, போட்டோ இருக்குது. அப்பா கொரலுதான் மறந்துபோச்சு பாய்" என்றாள்.

கல்யாணம் முடிந்த ஐந்தாம் மாதம், கரும்பு வெட்டு நேரத்தில், அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். அவர்கள் வீட்டு சிடியில் குரல் எதுவும் கிடையாது. முழுக்க நான் ஏற்றிய சினிமாப் பாட்டு.

"அப்பா மேடையில மைக்கு புடிச்சி பேசினாரே, அது ஒரிஜினல்ல இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"பாக்கலாம்மா" என்று சொல்லி அனுப்பினேன்.

12 ஜூன், வியாழன்

இருக்காது. எனக்கு நன்றாகத் தெரியும்.

கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே மண்டபத்தில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரில் ஃபேனும் மைக்கும் மட்டும்தான். என்னிடம் இருந்தது ஒரே ஒரு பேட்டரி. தாலி கட்டி முடித்தபோது அதில் இருபது நிமிடம்கூட மிச்சமில்லை. பெண்ணை வண்டி ஏற்றுவதை எடுக்காமல் விட்டால் ஊரே திட்டும். அதனால் அண்ணன் மைக்கை வாங்கியபோது நிறுத்திவிட்டேன். எடுப்பதுபோலக் கேமராவை மட்டும் கண்ணில் வைத்தபடியே நின்றேன். நாங்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் அது, வீட்டுக்காரர் மனம் கோணக்கூடாதென்று.

அவர் ஐந்து நிமிடம் பேசினார். கூட்டம் சிரித்தது, பிறகு அழுதது. என்னைப் பார்த்தே பேசினார் மனுஷன்.

கருமாதி முடிந்து அமுதம் கேட்டபோது, "எடிட்டிங்ல வெட்டிட்டேம்மா, ஒரிஜினல்ல பத்திரமா இருக்குது" என்று வாய் கூசாமல் சொன்னேன். அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் வேறு என்ன சொல்வது? அதன் பிறகுதான் இரண்டாவது பேட்டரி வாங்கினேன்.

15 ஜூன், ஞாயிறு

பீரோவின் அடித்தட்டில் கேமரா, இரண்டு பேட்டரி, நூற்று எண்பது சொச்சம் டேப். 'அமுதம் – ஆவணி' என்று என் பழைய கையெழுத்து. அந்த நாளில் கோணல் இல்லாமல் எழுதியிருக்கிறேன்.

பேட்டரி இரண்டையும் சார்ஜரில் போட்டேன். விளக்கு நாலு தடவை சிமிட்டி அணைந்தது. ஒன்று லேசாக உப்பியிருக்கிறது, மேசையில் வைத்தால் ஆடுகிறது. 2012-இல் கடைசியாக எடுத்து வைத்தபோது சொட்டுவிடாமல் தீர்த்துவிட்டுத்தான் வைத்தேன். பெரிய கேசட் காலத்து பேட்டரிக்கு அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டேப்பைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித்தரும் டவுன் கடைக்கு போன் செய்தேன். நீளம் மிச்சமாகட்டும் என்று மெதுவாக ஓடவிட்டுப் பதிந்தது என்றதும், எடுத்த கேமராவில்தான் அது ஒழுங்காக ஓடும் என்று கடைக்காரர் கையை விரித்தார். என் கேமராவில் கரண்ட் வயர் செருகும் இடம் 2009-இலேயே உடைந்துபோனது. ஆக, பேட்டரி இல்லாமல் வழியில்லை.

ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. பேட்டரி செத்துவிட்டதும்மா, டேப் ஓடாதும்மா என்று சொல்லிவிடலாம். சீ. எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது.

24 ஜூன், செவ்வாய்

ஆன்லைனில் வாங்கிய பேட்டரி வந்தது. அட்டையில் என் பழைய பேட்டரியைப் போல மூன்று மடங்கு சக்தி என்று போட்டிருக்கிறது. கையில் எடுத்தால் தக்கை. அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும்.

அமுதத்தின் டேப்பைப் போட்டு, நடுவில் நின்றிருந்த இடத்திலிருந்தே ஓடவிட்டேன். பதினோராவது நிமிடம் படக்கென்று நின்றது. பேட்டரி கை வைக்க முடியாமல் சுட்டது. டேப் உள்ளே மாட்டிக்கொண்டது, வெளியே வரமாட்டேன் என்கிறது. ஐயோ, வேறு டேப்பைப் போட்டுப் பார்த்திருக்கக்கூடாதா? இருக்கிற ஒன்றையும் கெடுத்து வைத்தேனே, மடையன்.

என் மனைவி கைருன்னிசா டீயோடு வந்து பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். "மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட உண்மைய சொல்லுங்க. பேட்டரி அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள்.

25 ஜூன், புதன்

வில்லியனூர் கலைவேந்தனிடம் போனேன். மருந்தடிக்கும் மிஷின், டார்ச், வண்டி என்று பேட்டரி உள்ள எல்லாம் அவரிடம் வரும். என் பழைய பேட்டரிகளை மீட்டரில் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"பாய், இது லித்தியம். காலியாக்கி வெச்சா தூக்கத்துலயே செத்துடும். பாதி ஏத்தி வெச்சிருந்தா இன்னும் கொஞ்ச வருஷம் கெடந்திருக்கும்."

"எப்படியாவது சார்ஜ் ஏத்தி எழுப்ப முடியாதா?"

"எழுப்பலாம். நெருப்பு புடிச்சா உங்க டேப்பும் சேந்து எரியும். பரவால்லியா?"

உப்பியதைத் தனியாக மணல் டப்பாவில் போட்டார். மற்ற பேட்டரியின் கூட்டுக்குள் இரண்டு புது செல் வைத்துத் தருவதாகச் சொன்னார். பழைய லேப்டாப்பில் கழற்றியது வேண்டாம், இரண்டும் ஒரே பெட்டியில் வந்த புதுசாக இருக்க வேண்டும், ஒன்று நோஞ்சானாக இருந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்றார். செல் வர பத்து நாள் ஆகுமாம். ஆன்லைன் பேட்டரியைப் பிரித்துக் காட்டினார். ஒரு சின்ன செல், கனத்துக்கு ஒரு இரும்புத் துண்டு. அந்த இரும்பையாவது பெரிசாக வைத்திருக்கலாம் பாவிகள்.

28 ஜூன், சனி

சொல்லிவிட்டேன், டேப் மாட்டிக்கொண்டதையும் சேர்த்து.

அமுதம் கடைக்கு வந்து டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இருவது வருசமா பாய்?"

ஆமாம் என்றேன்.

"இருக்குது, இருக்குதுன்னுதான நான் கேக்காமயே இருந்தேன்."

போய்விட்டாள். குடையை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

2 ஜூலை, புதன்

அவள் போன் எடுக்கவில்லை. குடை கல்லா பக்கத்திலேயே சாய்ந்திருக்கிறது.

அந்தக் கால வேலையெல்லாம் நினைவுக்கு வருகிறது. தலைக்கு மேலே ஹாலஜன் வெளிச்சம். கண் கூசி மூடிக்கொள்ளும் பாட்டிமார். மாப்பிள்ளை முகத்தை இதய வடிவத்துக்குள் வைத்துச் சுழற்றிக் காட்டினால் ஊரே வாயைப் பிளக்கும். பந்தியில் "பாய்க்கு இன்னும் ஒரு கரண்டி பாயசம் ஊத்து" என்று அரங்கநாதன் அண்ணன் சத்தம் போடுவார். என்ன நாட்கள்! அவர் சத்தம் எனக்குக் காதிலேயே நிற்கிறது. அவர் பெற்ற பெண்ணுக்கு இல்லை.

5 ஜூலை, சனி

அமுதம் போன் செய்தாள். பாய் என்றுகூடக் கூப்பிடவில்லை. "டேப்பு வெளிய வந்துட்டா குடுத்துடுங்க. இருக்கிறதையாவது நானே வெச்சுக்கிறேன்." வைத்துவிட்டாள்.

9 ஜூலை, புதன்

பேட்டரி வந்தது. நல்ல கனம். செருகும் முனைகளைக் காய்ந்த துணியால் துடைத்தேன். இந்த முறை முன்னதாகவே மூன்று நாள் சும்மா ஓடவிட்டுப் பார்த்துத்தான் கலைவேந்தன் கொடுத்தனுப்பினார். ஒன்றேகால் மணி நேரம் நிற்கிறது, சூடு இல்லை.

அமுதம் டேப்பை வாங்க வந்து நின்றாள். உட்காரவில்லை.

சுவிட்சைப் போட்டதும் உள்ளே கிர்ரென்று சத்தம். டேப் அறுந்துவிடவில்லை. அல்ஹம்துலில்லாஹ். சிக்கிக் கிடந்த டேப் தொளதொளப்பாக இருக்கும், ஒருமுறை ஆரம்பம்வரை பின்னால் சுற்றி இறுக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சுற்றினேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அங்கிருந்தே ஓடவிட்டேன். வழக்கமாக அந்த முதல் நிமிடத்தை யாரும் பார்ப்பதில்லை. அது எங்கள் வேலைக்கான இடம், சிடி போடும்போது முதலில் வெட்டிவிடுவோம்.

டிவி முழுக்க ஒரே வெள்ளை.

வேட்டி. கலர் சரியாக விழ, வேலை ஆரம்பிக்கும்போது வெள்ளையாக ஏதாவது ஒன்றைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். கல்யாண வீட்டில் வெள்ளைக்கா பஞ்சம்? எவர் வேட்டி கட்டி நிற்கிறாரோ அவரைப் பிடித்து நிறுத்துவேன்.

வெள்ளை மெல்ல விலகியது. மேலே ஒரு முகம்.

"என்ன எதுக்குப்பா புடிக்கிற?"

"கலர் பாக்கறேன் அண்ணே, நவுறாதீங்க" – என் குரல், வாலிபக் குரல்.

"இன்னா கலரு? பேட்டரி தீந்துடப் போவுது. போயி எம் பொண்ண புடி." முகம் பக்கத்து அறைப்பக்கம் திரும்பியது. "அமுதம்! காப்பி குடிச்சியாம்மா?"

அவ்வளவுதான். அடுத்து நாதஸ்வரம்.

அமுதம் டிவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "குடிச்சேம்பா" என்றாள்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். "இன்னொரு தபா போடுங்க பாய்" என்றாள்.

பாய் என்றாள்.

10 ஜூலை, வியாழன்

என் மகள் நாஸியா லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொடுத்தாள். அர்ச்சனாவின் போனுக்கும் போயாயிற்று. மேடைப் பேச்சு இல்லைதான். அதற்கு நான் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், இங்கே இல்லாவிட்டால் அங்கே.

பேட்டரியைப் பாதி சார்ஜில், கேமராவிலிருந்து கழற்றி, மரப்பெட்டியில் வைத்தேன். வெயில் படாத இடம். மூன்று மாதம் கழித்துப் பார்க்கச் சொன்னார் கலைவேந்தன். காலண்டரில் குறித்துவிட்டேன்.

12 அக்டோபர், ஞாயிறு

குறித்த நாளுக்கு இரண்டு நாள் தாமதம். பேட்டரி கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது.

சும்மா வைப்பானேன் என்று பீரோவிலிருந்து கைக்கு வந்த டேப் ஒன்றைப் போட்டேன். முதல் நிமிடம். வெள்ளை. பிறகு கிருமாம்பாக்கம் முத்துசாமி, வெற்றிலை வாயோடு என்னைத் திட்டுகிறார். கொரோனாவில் போனவர். இன்னொன்று. அதில் யாரோ ஒரு தாத்தா, இருமிக்கொண்டே சிரிக்கிறார். இன்னொன்று. எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் வேட்டியோடு நிற்கிறார். நூற்று எண்பது டேப்பிலும் நான் வெட்டி எறிந்தது இதைத்தான்.

முத்துசாமி மகன் ராமுவுக்கு போன் செய்தேன். "உங்கப்பா இங்க நிக்கிறாருப்பா, வந்து பாரு" என்றேன். முதலில் அவனுக்குப் புரியவில்லை.  புரிந்ததும், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டான்.

நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறார்கள். பேட்டரியை முழுசாக ஏற்றி வைத்திருக்கிறேன்.