பெயின்டைத் துடைத்தது யார்

ஜூலை 9, 2025, புதன்

பெயின்ட்பால் டீமுக்கு ஹெச்.எம். சரி சொல்லிவிட்டார்! அவர் அறை வாசலில் நின்று நின்று கால் ஓய்ந்ததற்குப் பலன். "பள்ளிக்கூடத்துல துப்பாக்கியா?" என்றுதான் ஒவ்வொரு முறையும் ஆரம்பிப்பார். இன்று அனு குறுக்கே புகுந்தாள். "துப்பாக்கி இல்ல மேடம், மார்க்கர். உள்ள பெயின்ட் உருண்டைதான். மேல பட்டா கலர் ஒட்டும், அவ்ளோதான்." பி.டி. மாஸ்டர் ஆரோக்கியராஜ் சாரும், "நான் கூடவே இருக்கேன் மேடம்" என்றார். ஒரு சின்னப் புகார் வந்தாலும் ஹெச்.எம். டீமைக் கலைத்துவிடுவாராம்.

இந்த ஆசை எனக்கு வந்ததே தௌசீஃபால். எங்கள் பிளஸ் ஒன் வகுப்புதான் அவனும். அவன் அண்ணன் இனாயத் ஈ.சி.ஆரில் ஒரு பெயின்ட்பால் மைதானத்தில் வேலை பார்க்கிறார். மே மாத லீவில் எங்களை ஆட விட்டார். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

வெளியே வந்ததும் அனு என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அவள் இல்லாமல் நான் எதை ஆரம்பித்திருக்கிறேன்?

ஜூலை 17, வியாழன்

நிஜ மார்க்கர் சனிக்கிழமை மட்டும்தான், இனாயத் அண்ணன் மைதானத்தில். மற்ற நாளில் ஸ்கூல் பின்பக்கம் தண்ணீர்த் துப்பாக்கியில் சொட்டு நீலம் கலந்து பழகுகிறோம். அம்மா பிடித்துக்கொண்டது. "இன்னாடி இது, யூனிபார்ம் பூரா நீலமா கீது? மீன் வித்துட்டு வந்து இத்த வேற தொவைச்சிக்கினு கெடக்கணுமா நானு?"

அதற்குள் அனு வந்துவிட்டாள். அவளைப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சங்கரா மீன் வறுத்துப் போட்டது. அனு தட்டில்தான் பெரிய துண்டு.

ஜூலை 26, சனி

கேப்டன் யார் என்று சார் கேட்டார். அனு பெயரை நான்தான் சொன்னேன். அவள் பேசினால் எல்லாரும் கேட்பார்கள். எனக்குக் குறி வரும், பேச்சு வராது.

ஆகஸ்ட் 9, சனி

ஸ்கூல்களுக்கு இடையிலான போட்டியில் செமி ஃபைனலை ஜெயித்துவிட்டோம். ஃபைனலுக்குப் போகிறோம். ஆனால் சந்தோஷமாக எழுத வரவில்லை.

எதிரணி ஆழ்வார்பேட்டை ஸ்கூல். கடைசியில் எங்கள் ஐந்து பேரில் மூன்று பேர்தான் மிச்சம். அனு முன்னால், ஒரு டிரம் மறைவில். நானும் தௌசீஃபும் பின்னால், டயர் அடுக்குக்குப் பின். அவள் தோளில் பட்டென்று மஞ்சள் பெயின்ட் உடைந்தது. நன்றாகவே பார்த்தேன்.

மேலே பெயின்ட் உடைந்தால் அவுட். அம்பயர் பார்க்காவிட்டாலும் நாமே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். முதல் நாளே இனாயத் அண்ணன் சொல்லிக்கொடுத்தது அதுதான். அனு கையைத் தூக்கினாள். தூக்கி, தோளைத் துடைத்தாள். கையை மண்ணில் தேய்த்தாள். ஓடிப்போய் எதிரணியின் கொடியைப் பிடுங்கிவிட்டாள். கொடியைப் பிடுங்கினால் ஆட்டம் நமக்கு.

பஸ்ஸில் காதோரமாகக் கேட்டேன். "தொடச்ச இல்ல?"

"வேர்வைடி."

கொஞ்ச நேரம் கழித்து அவளே, "யார்கிட்டயும் சொல்லாத நிலா. ப்ராமிஸ்?" என்றாள்.

ப்ராமிஸ் என்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அந்த ஸ்கூலிலிருந்து புகார். எங்கள் டீமில் ஒரு பெண் பெயின்டைத் துடைத்தாளாம். யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எல்லாருக்கும் ஒரே ஜாக்கெட், முகமெல்லாம் மாஸ்க். டீமில் பெண்கள் நானும் அனுவும்தான். செய்தவளை நீக்கு, இல்லை டீமையே கலை. ஹெச்.எம். அவ்வளவுதான் சொன்னாராம்.

பி.டி. ரூமுக்கு எங்களை மட்டும் கூப்பிட்டார் சார். "ரெண்டு பேர்ல யாரு?"

"யாரும் தொடைக்கல சார்." நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். பொய். அனுவுக்காகச் சொன்னது.

அவள் தலையைக் குனிந்துகொண்டே நின்றாள். அப்புறம், "நிலாதான் சார்."

நிலாதான் சார்.

அழுதுகொண்டே சொன்னாள். "அவள மாட்டிவிடக் கூடாதுன்னுதான் சார் பாத்தேன். ஆனா டீமே போயிடுமே."

நான் கத்திவிட்டேன். "ஐயோ, இல்ல சார், அனுதான் தொடச்சா!"

"இப்பதானம்மா யாரும் தொடைக்கலன்னு சொன்ன? எதை நம்பச் சொல்ற?"

தௌசீஃபைக் கூப்பிடச் சொன்னேன். அவன் வந்தான். சார் கேட்டார்.

"நான் பாக்கல சார்."

என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

டீமிலிருந்து மட்டுமல்ல, வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் என்னை எடுத்துவிட்டார்கள். குரூப்பை ஆரம்பித்தது நான். அனுவை அட்மின் ஆக்கினதும் நான்.

ஆகஸ்ட் 16, சனி

எல்லாரும் மைதானத்துக்குப் போயிருப்பார்கள். நான் வீட்டில். அம்மா விடவில்லை, எல்லாவற்றையும் சொல்ல வைத்தது.

"நீ செஞ்சியா?"

"இல்லம்மா."

"சரி, வந்து துன்னு."

அவ்வளவுதான். இரண்டாவது கேள்வி இல்லை. இத்தனை வருஷம் ஒரே பெஞ்சில் கூட உட்கார்ந்தவள்— ஏன்டி அனு? தொடச்சது கூட போவட்டும்டி. பயந்துட்ட, சரி. நான்தான் உன்ன காப்பாத்திட்டேனே, வாயத் தொறக்காம நின்னிருந்தாலே போதுமே. என் பேரு எப்படிடி வந்துச்சு உன் வாயில?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நேற்று ஃபைனல். தோற்றுவிட்டார்களாம். சந்தோஷமா எனக்கு? இல்லை. துக்கமும் இல்லை.

சாயங்காலம் தௌசீஃப் எங்கள் குப்பத்துக்கு வந்தான். வலைகளுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சார் வீட்டுக்குப் போய் உண்மையச் சொல்லிட்டேன் நிலா. அனுதான்னு."

"எப்போ?"

"இன்னிக்குக் காலைல."

"ஃபைனல் முடிஞ்சப்புறம்."

 செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சார் கூப்பிட்டார். அனு ஒத்துக்கொண்டாளாம். "நீ திரும்ப வாம்மா. அனுவும் இருக்கட்டும். ஹெச்.எம். காதுக்குப் போனா டீமே இருக்காது. இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

"அப்போ ஸ்கூல்ல எல்லாருக்கும் நான்தான் தொடச்சவளா சார்?"

"போகப்போக மறந்துடுவாங்கம்மா."

"நான் வரல சார்."

 சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

ஜன்னலோர பெஞ்சுக்கு மாறி ஒரு வாரம் ஆகிறது. கடற்கரைக் காற்று இங்கே வரைக்கும் வருகிறது.

மதியம் அனு வந்து நின்றாள். பி.டி. ரூமுக்குப் பிறகு இன்றுதான் பேசுகிறாள்.

"நிலா, கெமிஸ்ட்ரி நோட் தரியாடி?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"தேங்க்ஸ்டி."

"பரவால்லங்க" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது.

"என்னடி, புதுசா 'ங்க' எல்லாம் போடற?" சிரிக்கப் பார்த்தாள்.

"நாளைக்கு மறக்காம கொண்டு வந்துடுங்க. நானும் படிக்கணும்."